வாக்களிக்கப் போகும் விடுமுறை யார் கையில்?

தொழிலாளரை அழைத்து இன்னாருக்கே வாக்களிக்க வேண்டும் என்று சொல்லும் முதலாளிமாரைப் பற்றி நான் வாசித்த ஒரு கட்டுரை, வெளிப்படையான மிரட்டலை மட்டுமே நெருக்குதலாகக் கருதுகிறது. ஆனால், கொழும்பில் அந்த நெருக்குதல் பெரும்பாலும் விடுமுறையின் வழியாகவே நடக்கிறது. புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகளிலும் வெள்ளவத்தை உணவகங்களிலும் வேலை செய்யும் மலையக இளைஞர்கள் பலருடைய வாக்கு ஹற்றனிலோ பதுளையிலோ பதியப்பட்டிருக்கிறது. சம்பளத்துடன் போய்வர முடியுமா என்பது முதலாளியின் முகத்தைப் பார்த்துத்தான் தெரியவரும். நான் முன்னர் கணக்கெழுதிய கடையொன்றில், "இந்த முறை யாருக்கு, தம்பி?" என்று சிரித்தபடி கேட்டுப் பதிலை வாங்கிய பிறகே முதலாளி லீவுத் துண்டில் கையொப்பமிடுவார். முறைப்பாடு செய்வதற்கு அதில் ஒரு கடுஞ்சொல்லும் இராது.

1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம், அச்சுறுத்தி வாக்குக் கேட்பதைக் குற்றமாக்குவதோடு, வாக்களிப்பதற்குக் குறைந்தது 4 மணித்தியால விடுமுறையைச் சம்பள இழப்பின்றி வழங்குமாறும் பணிக்கிறது. தூரத்தைப் பொறுத்து, 40 கிலோமீற்றருக்குள் அரை நாளும் 150 கிலோமீற்றருக்கு மேற்பட்டால் 2 நாட்களும் என்றவாறு தேர்தல்கள் ஆணைக்குழு அறிவித்தும் வந்துள்ளது. ஆனால், விண்ணப்பத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். நியமனக் கடிதமே இல்லாமல், கடையின் மேல்மாடியிலேயே படுத்துறங்கும் ஒரு பையன் (அவனுடைய சாப்பாடும் முதலாளியின் கணக்கில்தான்) அதை எந்தத் துணிவில் நீட்டுவான்? தொழில் திணைக்கள அதிகாரிகள் தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னரே இக்கடைகளுக்கு வந்து, யார் யாருக்கு விடுமுறை வழங்கப்பட்டுள்ளது என்பதைத் தொழிலாளரிடமே தனியாக விசாரிக்க வேண்டும்.