துவண்ட கோழி வாயில தண்ணி ஊத்தாதீங்க
"நாய் கவ்வின கோழி துவண்டு கிடந்தா வாயைப் பிளந்து தண்ணி ஊத்துங்க, தெளிஞ்சிடும்"னு ஒருத்தர் பதிவு போட்டிருக்கார். வேண்டாங்க. கோழிக்கு மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாடியே இருக்கு, நமக்கு இருக்கிற மாதிரி மூடியும் கிடையாது. மயக்கத்துல ஊத்தினா நேரா நுரையீரலுக்குத்தான் போகும்.

எங்க கோழி சிவப்பிக்குத் தொடையில நாய்ப் பல் பட்டப்போ, அட்டைப்பெட்டியில பழைய வேட்டியை விரிச்சு இருட்டா, கதகதப்பா வச்சோம். கோழிக்கு உடம்புச் சூடே 41 டிகிரி கிட்ட, அதிர்ச்சியில சில்லிட்டுப் போயிடும். சாயங்காலம் தலையைத் தூக்கினப்புறம் அலகு ஓரத்துல ஒரு சொட்டு வச்சேன், தானே விழுங்குச்சு.

உப்புத்தண்ணியில புண்ணைக் கழுவணும்னும் அவர் சொல்லியிருக்கார், அது சரிதான். ஆனா உடனே கூட்டத்துல விடாதீங்க, ரத்தத்தைப் பார்த்தா கூடப் பொறந்ததே கொத்தும். பல் ஆழமா இறங்கியிருந்தா கால்நடை மருத்துவர்கிட்ட காட்டிடுங்க.