சீனச் சந்தையில் குறுகிய டொமைன்களின் பொருளும் விலையும்

சீன நிறுவனம் ஒன்று மூன்று இலக்க இணைய முகவரிக்கு நூறு கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்தது என்ற செய்தி வந்தால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஃபேன்சி நம்பருக்கு லட்சங்களைக் கொட்டுபவர்களின் கணக்கில் அதையும் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுவது நம்மவர் வழக்கம். எட்டு என்றால் செல்வம், நான்கு என்றால் சாவு, அதனால்தான் இந்த விலை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இதை முழுப்பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. 8888-8888 என்ற தொலைபேசி எண்ணுக்காகச் சிச்சுவான் ஏர்லைன்ஸ் 2003-ல் 23 லட்சம் யுவானுக்கு மேல் கொடுத்ததும், பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் 2008-ஆம் ஆண்டு எட்டாம் மாதம் எட்டாம் தேதி இரவு 8 மணிக்குத் தொடங்கி வைக்கப்பட்டதும் ஊரறிந்தவை. ஆனால் ராசியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், 4399 என்ற விளையாட்டுத் தளம் நான்கில் தொடங்கியும் கோடிக்கணக்கான சீனக் குழந்தைகளை ஈர்த்தது எப்படி என்பதற்கு விடை கிடைக்காது. டொமைன்களை, அதாவது இணைய முகவரிப் பெயர்களை, வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்ட சீனச் சந்தை ஒன்று 4 டாட் சிஎன் என்ற முகவரியில் கடை விரித்திருப்பதற்கும் அந்தக் கணக்கில் இடமில்லை.

என்னுடைய கருத்து இதுதான்: குறுகிய டொமைனுக்குச் சீனர் கொடுத்த விலையின் அடித்தளம் எழுத்து முறையிலும் விசைப்பலகையிலும் இருக்கிறது. ராசி அதன்மேல் பூசிய வண்ணம். 2015-ல் எழும்பிய பெருவிலைக்கு இந்த இரண்டோடும் தொடர்பு குறைவு. அது பணம் போக வழி தேடிய கதை. இம்மூன்றையும் பிரித்துப் பார்க்காததால்தான் பலரும் தவறான டொமைன்களைத் தவறான நேரத்தில் வாங்கினார்கள்.

முதலில் எழுத்து முறையைப் பார்ப்போம். 1994 ஏப்ரலில் சீனா முழுமையாக இணையத்தோடு இணைந்தபோது, டொமைன் பெயர் என்பது 26 லத்தீன் எழுத்துகளாலும் பத்து எண்களாலும் ஒரு சிறு கோட்டாலும் மட்டுமே அமையக்கூடியதாக இருந்தது. சீன எழுத்திலேயே முகவரி அமைக்கும் வசதி வந்து, நாட்டின் பெயரையே சீன எழுத்தில் கொண்ட பின்னொட்டும் (டாட் காம் போல முகவரியின் இறுதியில் வரும் பகுதி) 2010-ல் நடைமுறைக்கு வந்துவிட்டது என்றாலும், அதற்குள் மக்களின் பழக்கம் வேறு திசையில் உறைந்துபோயிருந்தது. நமக்கும் டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று தமிழிலேயே பின்னொட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு முகவரியையாவது நினைவிலிருந்து சொல்லக்கூடியவர் நம்முள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், சீனரின் நிலை எளிதில் விளங்கும். சீன ஒலிகளை லத்தீன் எழுத்தில் எழுதும் பின்யின் முறை 1958-ல் அதிகாரப்பூர்வமாகி, பள்ளிகளில் கற்பிக்கப்பட்டுவந்தது. ஆனாலும் ஆங்கிலச் சொல் ஒன்றைக் கேட்டுப் பிழையின்றித் தட்டச்சு செய்வது பெரும்பாலோருக்குக் கடினமாகவே இருந்தது. கூகுள் நிறுவனம் தன் பெயரின் எழுத்துக்கூட்டலில் சீனர் தடுமாறுவதைக் கண்டு, 2007-ல் ஜி டாட் சிஎன் என்ற ஒற்றை எழுத்து முகவரியைக் கொண்டுவந்தது இந்தச் சிக்கலுக்கான பதில்தான்.

எண்களில் அந்தத் தடுமாற்றம் இல்லை. மாண்டரின் பேசுபவரும் கான்டனீஸ் பேசுபவரும், படித்தவரும் படிக்காதவரும் எண்ணை ஒரே மாதிரி எழுதுகிறார்கள். மேலும், இணையத்துக்குள் நுழைந்த முதல் தலைமுறையே எண் வழியாகத்தான் நுழைந்தது. நெட்ஈஸ் நிறுவனத்தின் 163 டாட் காம் என்ற புகழ்பெற்ற முகவரி, தொலைபேசி வழியே இணையத்தை எட்டும் டயல்-அப் இணைப்புக்காக அன்று மக்கள் சுழற்றிய 163 என்ற எண்ணிலிருந்து வந்தது. 1999-ல் தொடங்கிய டென்சென்ட் நிறுவனத்தின் கியூகியூ என்ற செய்திப் பரிமாற்றச் சேவை ஒவ்வொருவருக்கும் பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணையே அடையாளமாகக் கொடுத்ததால், மின்னஞ்சல் முகவரியும் அந்த எண்ணாகவே ஆனது. தொடக்க காலத்து ஐந்திலக்க கியூகியூ எண் வைத்திருப்பது இன்றும் ஒரு பெருமை. ரயில் டிக்கெட் எடுக்கும் அரசுத் தளத்தின் முகவரி 12306. ரயில்வேயின் உதவித் தொலைபேசி எண்ணும் அதுதான். இப்படிப் பழகிய மக்களுக்கு எண் முகவரி விந்தையாகத் தோன்ற வழியே இல்லை.

இதற்கு மேலேதான் ஒலி விளையாட்டு வருகிறது. சீன எண்கள் ஒவ்வொன்றும் ஓரசைச் சொல். சீனச் சொற்களின் ஒவ்வோர் எழுத்தும் ஓரசை. ஆகவே எந்த எண் தொடரையும் ஏறக்குறைய அதே ஒலியுள்ள வாக்கியமாகப் படித்துவிடலாம். தொலைபேசி எண் சொல்லும்போது ஒன்றை 'யாவ்' என்று சொல்வது அவர்கள் வழக்கம்; அதனால் 51 என்பது 'வு யாவ்' ஆகி, 'எனக்கு வேண்டும்' என்று பொருள்படும் 'வோ யாவ்' என்பதை நினைவூட்டுகிறது. வேலைவாய்ப்புத் தளம் ஒன்று அந்த 51-ஐத் தன் பெயரின் முன்னால் வைத்துக்கொண்டு 2004-ல் நாஸ்டாக் வரை சென்றது. மெக்டொனால்ட்ஸ் சீனாவில் வீட்டுக்கு உணவு அனுப்பும் சேவைக்குத் தேர்ந்த எண்ணின் இறுதியில் 517 என்று இரண்டு முறை வந்தது. 'சாப்பிட வேண்டும்' என்று அது காதில் விழும். அலிபாபாவின் மொத்த வணிகத் தளமான 1688 இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது: 'யி லியு பா பா' என்று வேகமாகச் சொன்னால் நிறுவனத்தின் பெயரே ஒலிக்கிறது, ஆறும் எட்டும் தரும் ராசியும் கூடவே கிடைக்கிறது.

எழுத்து டொமைன்களின் கணக்கு இன்னும் நுட்பமானது. சீன நிறுவனப் பெயர்களை பின்யினில் முழுதாக எழுதினால் நீண்டுவிடும் என்பதால், ஒவ்வோர் அசையின் முதலெழுத்தை மட்டும் எடுத்துச் சுருக்குகிறார்கள். ஜேடி என்ற இரண்டு எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிங்தோங் என்ற வணிக நிறுவனத்தின் முதலெழுத்துகள் அவை. ஹோட்டலைக் குறிக்கும் ஜியுதியான், வீட்டு மின்சாதனங்களைக் குறிக்கும் ஜியாதியான் ஆகிய சொற்களின் முதலெழுத்துகளும் அவையே. பிஜே என்றால் பெய்ஜிங் நகரமும் ஆகலாம், பைஜியு என்ற மதுவும் ஆகலாம். எக்ஸ்எம் என்றால் ஷியாமென் நகரமா, ஷாவ்மி நிறுவனமா என்பதைச் சூழலே சொல்லும். ஆங்கிலம் பேசும் தரகர் ஒருவர் நான்கெழுத்து டொமைனைப் பார்த்தால் இது ஒரு சொல்லா, வாயில் நுழைகிறதா என்று கேட்பார். சீன வாங்குபவரோ இந்த நான்கு எழுத்தில் எத்தனை நிறுவனப் பெயர்கள் அடங்கும் என்று கேட்பார். ஒரே சரக்குக்கு நூற்றுக்கணக்கான வாங்குபவர்கள் உருவாகக்கூடும் என்பதே அதன் மதிப்பு. மேலைநாட்டவர் தள்ளிவிட்ட கியூ, எக்ஸ், இசட் ஆகிய எழுத்துகள் பின்யினில் அன்றாடம் வருபவை என்பதால், அவை சேர்ந்த டொமைன்களைச் சீனர்கள் மலிவாக அள்ளிக்கொண்டார்கள்.

இதே காரணத்தால் அவர்கள் தள்ளிய எழுத்துகளும் உண்டு. பின்யினில் எந்த அசையும் ஐ, யூ, வி ஆகிய மூன்றில் தொடங்குவதில்லை. ஏ, ஈ, ஓ ஆகியவற்றில் தொடங்கும் அசைகள் மிகச் சில. இந்த ஆறையும் நீக்கினால் மிஞ்சும் 20 எழுத்துகளால் அமைந்த டொமைன்களே சந்தையில் உயர்ந்தவை. நான்கெழுத்து டாட் காம் மொத்தம் 4,56,976 என்றால், இந்த 20 எழுத்துகளுக்குள் அடங்குபவை 1,60,000 மட்டுமே. மூன்றெழுத்தில் 17,576-க்குப் பதில் 8,000. எண்களிலும் இதே வடிகட்டல்தான்: நான்கிலக்கத்தில் மொத்தம் 10,000 இருக்க, பூஜ்யமும் நான்கும் இல்லாதவை 4,096. டொமைனுக்குச் சீனத்தில் 'யூமிங்' என்று பெயர். வியாபாரிகள் அதை 'யூமி' என்று, அதாவது மக்காச்சோளம் என்று, செல்லமாகச் சொல்வார்கள். விளைச்சலைத் தரம் பிரிக்கும் இந்த முறையைப் பார்த்தால் பெயர் பொருத்தமாகவே படுகிறது.

இறுதிப் பயனர், அதாவது மறுவிற்பனைக்காக அன்றித் தானே பயன்படுத்தும் நிறுவனம், வாங்கியபோது கொடுத்த விலைகள் எனக்கு நியாயமாகவே தோன்றுகின்றன. 360பை என்ற நீண்ட முகவரியிலிருந்து ஜேடி டாட் காமுக்கு ஜிங்தோங் 2013-ல் மாறியது. அடுத்த ஆண்டே அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலானது. ஷாவ்மி 2014-ல் மி டாட் காமுக்கு 36 லட்சம் டாலர் கொடுத்தது. அதே ஆண்டு அது இந்தியாவுக்கு வந்தபோது, ஷாவ்மி என்று சொல்ல வராத நம்மவர்கள் 'எம்ஐ போன்' என்று கேட்டு வாங்கியதை நினைத்தால், அந்தப் பணம் வீண்போகவில்லை என்பது தெரியும். வோடஃபோன் தன் சேவை ஒன்றுக்காக வைத்திருந்து, சேவையை மூடிய பின் பயனின்றிக் கிடந்த 360 டாட் காமுக்கு, சிஹூ 360 நிறுவனம் 2015-ல் 1.7 கோடி டாலர் கொடுத்தது. தன் பெயரே அந்த எண்ணாக இருக்கும்போது, அந்த முகவரி இன்னொருவர் கையில் இருப்பதன் இழப்பை அந்த நிறுவனம்தான் அறியும். சினா நிறுவனம் 2011-ல் வெய்போ டாட் காமுக்கு மாறியது இவற்றிலெல்லாம் கூர்மையான நகர்வு. வெய்போ என்பது குறும்பதிவு என்று பொருள்படும் பொதுச் சொல். டென்சென்டும் அதே பெயரில் ஒரு சேவை நடத்திக்கொண்டிருந்தது. முகவரியைக் கைப்பற்றியவுடன் பொதுச் சொல் சினாவின் சொத்து போலவே ஆகிவிட்டது.

2015-ன் இரண்டாம் பாதியில் நடந்தது வேறு. ஜூன் நடுவில் 5,100 புள்ளிகளைத் தாண்டிய ஷாங்காய் பங்குக் குறியீடு ஆகஸ்ட் இறுதியில் 3,000-க்கும் கீழே விழுந்தது. இடையில் யுவானின் மதிப்பையும் அரசு குறைத்தது. ஒரு தனிநபர் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் அந்நியச் செலாவணி மாற்ற முடியாத நாட்டில், பங்கிலிருந்து வெளியே வந்த பணத்துக்கு டாலரில் விலை பேசப்படும், எல்லை கடந்து நொடியில் கைமாறும் ஒரு பொருள் கவர்ச்சியாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆண்டின் தொடக்கத்தில் சில நூறு டாலருக்குக் கிடைத்த அந்த 20 எழுத்துகளால் அமைந்த நான்கெழுத்து டாட் காம்கள் ஆண்டு இறுதியில் 2,000 டாலரைத் தாண்டின. என்னிடமிருந்த நான்கெழுத்து டொமைன் ஒன்றைக் கேட்டு எனக்கும் அப்போது ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவரின் முகவரி முழுக்க எண்கள், பிறகு கியூகியூ டாட் காம்; வணக்கம்கூட இல்லை, என்ன விலை என்ற ஒரே கேள்விதான். என் டொமைனில் ஓர் 'ஏ' இருந்ததால், அவர் சொன்ன விலை அன்றைய உயர்தர விலையின் அருகில்கூட வரவில்லை. அதில் தளம் அமைப்பதற்காக அவர் கேட்கவில்லை என்பது அவர் பேரம் பேசிய விதத்திலேயே தெரிந்தது.

அந்த உச்ச விலையை ஒரு கணக்கால் சோதிக்கலாம். 1,60,000 டொமைன்களை 2,000 டாலர் வீதம் மதிப்பிட்டால் 32 கோடி டாலர். அவை அனைத்தையும் ஓராண்டு புதுப்பிக்க அன்றைய மொத்த விலையான 7.85 டாலர் வீதம் ஏறத்தாழ 12.5 லட்சம் டாலர்தான் ஆகும். வைத்திருக்கும் செலவு இவ்வளவு குறைவாகவும், மொத்தச் சந்தையே ஒரு நடுத்தர நிறுவனத்தின் அளவிலும் இருக்கும்போது, சில நூறு வியாபாரிகள் தங்களுக்குள் வாங்கி விற்றே விலையை ஏற்றிவிட முடியும். இறங்குவதும் அப்படித்தான் நடந்தது. 2016-ல் விலை சரியத் தொடங்கியது, புதுப்பிக்காமல் கைவிடப்பட்ட டொமைன்களின் தாக்கம் டாட் காம் பதிவேட்டை நடத்தும் வெரிசைன் நிறுவனத்தின் பதிவு எண்ணிக்கையிலேயே தெரிந்தது.

அதன் பிறகு உண்மையான வாங்குபவர்களும் குறைந்தார்கள். அந்நாட்களில் நல்ல டொமைன்களைத் தேடி வந்தவர்களில் இணையவழிக் கடன் நிறுவனங்களுக்கு முக்கிய இடம் உண்டு. கடனைக் குறிக்கும் 'தாய்' என்ற அசையில் முடியும் முகவரிகள் அவர்களுக்காகவே கைமாறின. அந்தத் துறையையே அரசு படிப்படியாக மூடி, 2020 நவம்பரில் இயங்கும் தளம் ஒன்றுகூட இல்லை என்று ஒழுங்குமுறை அமைப்பு அறிவித்தது. வீசாட் செயலிக்குள்ளேயே இயங்கும் குறுஞ்செயலிகள் 2017 ஜனவரியில் வந்தன. கடைக்காரர் கியூஆர் குறியை ஒட்டிவைத்தால் போதும், வாடிக்கையாளர் எந்த முகவரியையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. அதே ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த டொமைன் விதிகளுக்குப் பிறகு, அரசு அனுமதி பெறாத பின்னொட்டில் சீனாவுக்குள் சர்வர் வைத்துத் தளம் நடத்துவதும் இயலாததாகிவிட்டது.

ஆகவே, சீனர் வாங்குவார்கள் என்ற நம்பிக்கையில் இன்றும் எழுத்துக் கோவைகளைச் சேர்த்து வைத்திருப்பவர்களிடம் நான் வேறுபடுத்திச் சொல்வது இதைத்தான். மூன்றெழுத்து டாட் காமும், மூன்று நான்கு இலக்க எண் டாட் காமும் எண்ணிக்கையில் மிகச் சில. பெயர் மாற்ற நினைக்கும் நிறுவனம் எப்போதும் ஒன்று இருக்கும் என்பதால் அவற்றைத் தயங்காமல் வைத்திருக்கலாம். பொருளுள்ள இரண்டு பின்யின் அசைகள் சேர்ந்த டாட் காம் அதற்கும் மேலானது; பைடு, தாவ்பாவ், வெய்போ எல்லாம் அந்த அமைப்புதான். நான்கெழுத்து டாட் காமில், நான்கும் அந்த 20 எழுத்துகளுக்குள் இருந்து, சீனம் தெரிந்த ஒருவரால் உடனே இரண்டு மூன்று பெயர்களாவது படிக்க முடிந்தால் மட்டும் ஆண்டுக் கட்டணம் கட்டலாம். யாரும் கேள்விப்படாத பின்னொட்டில், முதலாண்டுச் சலுகையில் ஒரு டாலருக்கு வாங்கிய ஆறு இலக்க எண்களை, அதில் எத்தனை எட்டு இருந்தாலும், அடுத்த புதுப்பிப்புத் தேதிக்கு முன் கைவிட்டுவிடுவதே நல்லது.