பால் பாக்கெட் கேட்டா பார்லிமெண்ட் வந்துச்சு

ரொம்ப நாளா தொண்டையில நிக்குது. கொட்டிடறேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம புதுச்சேரி பக்கமா கரையக் கடந்துச்சு இல்ல? ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் மழை. ரெயின்போ நகர்ல எங்க வீட்டுக்குள்ள முழங்காலுக்கு மேல தண்ணி, ஃபிரிட்ஜ் மல்லாக்க மிதக்குது. அம்மா பக்கத்து வீட்டு மாடியில இருந்து, ஆறு பர்சென்ட் சார்ஜ்ல குடும்ப குரூப்புல கேட்டாங்க: "யாராச்சும் ரெண்டு பால் பாக்கெட் கொண்டாற முடியுமா?"

அதுக்குக் கீழ சித்தப்பா, மத்திய அரசு நிதி தரலன்னு ஒரு மீம். மாமா சும்மா இருப்பாரா? "இத்தன வருஷம் நீங்க என்ன கிழிச்சீங்க"ன்னு எட்டு நிமிஷ வீடியோ. அப்புறம் இவர் அவர சங்கின்றார், அவர் இவர தேசத்துரோகின்றார். அம்மா கேட்ட பால் மேல மேல போயிட்டே இருக்கு, விரலால தள்ளித் தள்ளித் தேடணும். கடைசியில கொண்டாந்தது எதிர் வீட்டு ஆட்டோக்கார அண்ணன். அவர் எந்தக் கட்சின்னு இன்னைக்கு வரைக்கும் நாங்க கேக்கல.

எனக்குக் காது குத்தினப்ப மாமா மடியில வச்சுக்கிட்டாராம், நான் அழாம இருக்க சித்தப்பா விசிலடிச்சாராம். அந்த ரெண்டு பேருதான் இவங்க!

யாருக்காகடா இந்தச் சண்டை? மக்களவையில 543 பேர், அதுல நமக்கு ஒரே ஒருத்தர். அவரும் கொறடா சொன்னபடிதான் கை தூக்கணும், மீறினா பதவியப் பறிக்க 1985-லயே போட்ட கட்சித்தாவல் தடைச் சட்டம் இருக்கு. 2023 டிசம்பர் கூட்டத்தொடர்ல 146 எம்.பி.க்கள சஸ்பெண்ட் பண்ணி வெளிய அனுப்பிட்டு, நாட்டோட குற்றவியல் சட்டம் மூணையும் மாத்திட்டாங்க. எதிரணி மட்டும் யோக்கியமா? ஒரே மேடையில கை கோத்து நின்ன காங்கிரஸும் கம்யூனிஸ்டும் 2024 தேர்தல்ல கேரளா வயநாட்டுல எதிரெதிரா நின்னாங்க. அவங்களுக்கு அது வெறும் தேர்தல் போட்டி. நம்ம வீட்டுல மட்டும் பேச்சுவார்த்தை கட்.

2024 ஏப்ரல் 19 நாம ஓட்டுப் போட்டோம், ஜூன் 4-தான் எண்ணினாங்க. விரல் மை நகத்தோட சேந்து பாதி தூரம் ஏறிடுச்சு. அதுவரைக்கும் டிவியில பிரசாரம் பூரா தாலி, எருமை, ஆட்டுக்கறி. புதுச்சேரி ரேஷன் கடைங்க வருஷக்கணக்கா பூட்டிக் கிடந்தத பத்தி எவனாச்சும் கத்தினானா? அரிசிக்குப் பதிலா அக்கவுண்ட்ல காசுன்னு சொல்லி மூடினத, 2024 அக்டோபர்லதான் திறந்தாங்க. உள்ளாட்சித் தேர்தல் 2006-ல நடந்துச்சு, அதுவும் 38 வருஷம் கழிச்சு. 2011-ல பதவிக்காலம் முடிஞ்சு பத்து வருஷத்துக்கு மேல ஆகியும் அடுத்தது நடக்கல. சாக்கடை அடைச்சா சொல்ல ஒரு கவுன்சிலர் இல்லாத ஊருல, டெல்லிக்காக மண்டைய உடைச்சுக்கறோம். நம்ம சட்டசபையிலயோ, யாரும் ஓட்டே போடாம மத்திய அரசு நியமிக்கிற மூணு பேரு உக்காரலாம், ஓட்டும் போடலாம். உச்ச நீதிமன்றமே 2018-ல சரின்னுடுச்சு.

போற போக்குல ஒண்ணு. 1954 அக்டோபர் 18, நம்ம புதுச்சேரி பக்கத்து கீழூர். பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த நம்ம ஊரு இந்தியாவோட சேரலாமான்னு மக்கள் பிரதிநிதிங்க 178 பேரு ஓட்டுப் போட்டாங்க. 170 பேரு சரின்னாங்க, எட்டு பேரு வேணாம்னாங்க. இன்னைக்குன்னா அந்த எட்டு பேர் வீட்டு வாசல்ல என்ன எழுதியிருப்போம், யோசிங்க.

போன வாரம் மாமா "நம்ம குடும்பம் 2"ன்னு தனி குரூப் ஆரம்பிச்சிட்டாரு, சித்தப்பா இல்லாம. தினம் காலையில அம்மா அதே மல்லிகைப்பூ படத்த ரெண்டு குரூப்புலயும் தனித்தனியா போடறாங்க. ஒண்ணுல மறந்துட்டா, "என்னக்கா, கட்சி மாறிட்டீங்களா"ன்னு கேக்கறாங்களாம்.