வீட்டுக்குப் போய் ஊரார் வீட்டில் உண்டு வந்த கதை

இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த விடுப்பில் 21 நாள்களை எடுத்துக்கொண்டு, வீட்டில் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற ஒரே ஆசையோடு, வேலை பார்க்கும் வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போனவன் நான். நாளுக்கு மூன்று வேளை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 63 வேளை. அவற்றில் அம்மா, அப்பா, தங்கை, நான் என்று நால்வரும் ஒரே நேரத்தில் தட்டின் முன் உட்கார்ந்தது நான்கே வேளை. மீதி 59 வேளையும் எங்கே போயிற்று என்று நினைக்கும்போதெல்லாம், திரும்பி வந்து இரண்டு வாரமாகியும் எனக்கு வயிறு எரிகிறது.

முதல் வாரத்தைப் பறித்தது என் உடம்பே என்பதால் அதை யாரிடமும் சொல்லி அழ முடியாது. உடலின் உள்கடிகாரம் புதிய ஊரின் நேரத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்ற கணக்கில்தான் நகர்ந்து கொடுக்கும்; உறக்கத்துக்கு மட்டுமன்று, பசிக்கும் செரிமானத்துக்கும் அதே கதிதான். அம்மா பார்த்துப் பார்த்துச் சமைத்து வைத்த நண்பகலில் எனக்குக் கண் செருகியது. வீடே உறங்கும் நள்ளிரவில் அகோரப் பசி எடுத்தது. இதைச் சொன்னால், "அங்கே போய் வயிறு சுருங்கிவிட்டது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

உடம்பு ஒருவழியாக வழிக்கு வந்தபோது அழைப்புகள் தொடங்கின. "எங்கள் வீட்டுக்கு எப்போது வருகிறாய்?" என்று கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு நான் வருவது முக்கியமன்று, இன்னொருவர் வீட்டுக்குப் போய்விட்டுத் தங்கள் வீட்டுக்கு வராமல் போய்விடக் கூடாது என்பதுதான் முக்கியம். ஒருவர் வீட்டில் மதிய உணவு உண்டால் அடுத்தவருக்குக் காலை உணவாவது கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கணக்கு அடுத்த விடுமுறை வரை, சில வீடுகளில் அடுத்த தலைமுறை வரை, தீராமல் நிற்கும். நாள்காட்டியில் கட்டம் போட்டு வேளைகளைப் பங்கிட்டவர் அப்பா. "பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள் தம்பி" என்று அவர் சொல்லும்போது, அவரும் பெரியவர்தானே, அவருடன் உண்ணாமல் போகிறேனே, அவருக்குக் கோபம் வராதா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

அந்த விருந்துகளையாவது நிம்மதியாக உண்ண விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒவ்வொருவரும் கைபேசியில் படம் எடுத்து, வராதவர்களுக்கு அனுப்பி, அவர்கள் பதில் போட்ட பிறகுதான் கை வைக்க அனுமதி கிடைத்தது. முதல் கவளம் வாய்க்குள் போவதற்குள் சம்பளம் எவ்வளவு என்ற கேள்வி வந்துவிடும். இரண்டாவது கவளத்தில் குடியுரிமை, மூன்றாவதில் திருமணம். போதும் என்று கையை மறித்தால் அந்த மறிப்பைத் தாண்டி ஒரு கரண்டி விழும். அன்பில்லை என்று சொல்லவில்லை. ஆனால் எதிரில் இருப்பவனுடைய முகத்தைப் பார்க்காமல் தட்டை மட்டும் பார்க்கும் அன்பை எத்தனை வேளைதான் தாங்குவது?

இவையனைத்தையும் விட என்னைக் கொதிக்க வைத்தது எங்கள் வீட்டில் நடந்ததுதான். விருந்துச் சுற்றில் தப்பித்த ஓரிரு வேளைகளில்கூட என்னைத் தனியாக உட்கார வைத்துப் பரிமாறிவிட்டு, மற்றவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பள்ளி நாள்களில் கடைசித் துண்டுக்காக என் கையைக் கிள்ளிய தங்கை, "நீங்கள் சாப்பிடுங்கள் அண்ணா" என்று மரியாதையாக ஒதுங்கி நின்றாள். அந்த "நீங்கள்" எனக்குத் தொண்டையில் சிக்கியது. உட்காருங்கள் என்று அம்மாவிடம் நான்கு முறை சொன்னேன். நான்கு முறையும் "நீ முதலில் முடி, சூடு ஆறிவிடும்" என்றார். பிறந்த வீட்டில் ஒருவனை விருந்தாளியாக்கி உட்கார வைப்பதைவிட வெளியே போ என்று சொல்லிவிடலாம்.

நான் நினைத்துப் போனது போன்ற உணவு கிடைத்தது எந்தத் திட்டத்திலும் இல்லாத ஓர் இரவில். விடியற்காலை மூன்று மணிக்குப் பசி பொறுக்காமல் சமையலறைக்குள் பூனை போல நுழைந்து பாத்திரத்தின் மூடியைத் திறந்தேன். அந்தச் சிறு ஓசைக்கு அம்மா எழுந்து வந்துவிட்டார். விளக்கைக்கூடப் போடவில்லை, திறந்திருந்த குளிர்பெட்டியின் வெளிச்சம் போதுமாக இருந்தது. இரவு மிஞ்சியதை ஒரே தட்டில் போட்டுத் தரையில் உட்கார்ந்தோம். அவரும் உண்டார், என் பக்கமிருந்தே எடுத்து உண்டார். தன் முழங்கால் வலியைப் பற்றி, அந்த 21 நாள்களில் அந்த ஒரு முறைதான் என்னிடம் சொன்னார்.

திரும்பும் பயணத்தில் மிச்சமிருந்ததும் போயிற்று. 2006 ஆகஸ்டில், திரவ வெடிபொருள்களைக் கொண்டு விமானங்களைத் தகர்க்கும் சதி லண்டனில் அம்பலமானதையடுத்து வந்ததே கைப்பைக்கான 100 மில்லிலிட்டர் விதி. புதிய ஸ்கேனர்கள் பொருத்திய சில விமான நிலையங்கள் அதைத் தளர்த்திவிட்டன, என் வழியில் இருந்தது அவற்றில் ஒன்றன்று. பெட்டியில் வைத்தால் உடைந்துவிடும் என்று அம்மா என் கையில் கொடுத்த பாட்டிலைக் காவலர் தூக்கிப் பார்த்தார். மூடியைச் சுற்றி ஒட்டிய டேப்பின் மேல் என் பெயரை அம்மா பேனாவால் எழுதியிருந்தார். திரவமா, கூழா என்று இருவர் பேசிக்கொண்டார்கள். கூழும் திரவக் கணக்கில்தான் சேரும் என்று முடிவு செய்து, பெயரோடு சேர்த்துத் தொட்டிக்குள் போட்டார்கள்.

இறங்கும் இடத்தில் பிடுங்குவதற்காவது காரணம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். 2001 இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவி 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல நேர்ந்தது என்று படித்த பிறகு, வெளிநாட்டுப் பயணிகள் இறைச்சியும் பாலும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை போடுவதையும், ஆஸ்திரேலியா ஒவ்வோர் உணவுப் பொருளையும் அறிவிக்கச் சொல்வதையும் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பாட்டில் அதுவரைகூடப் போகவில்லையே!

விமானத்தில் தட்டு வந்தது. 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்கு ஈடான காற்றழுத்தத்திலும், பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் குறைவான ஈரப்பதத்திலும், நாக்குக்கு உப்பும் இனிப்பும் மங்கலாகவே எட்டும் என்பது அறிந்த செய்திதான். அறிந்திருந்தும் சமைத்தவரைத் திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது? இரு பக்கமும் இருந்தவர்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தத்தம் திரையைப் பார்த்தபடி உண்டார்கள். சுற்றி நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உண்கிறார்கள், ஒருவரோடு ஒருவர் உண்பவர் எவருமில்லை.

வந்து சேர்ந்த மறுநாள் அம்மா தொலைபேசியில் அழைத்து, பாட்டிலைத் திறந்துவிட்டாயா, எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது, பாதி தீர்ந்துவிட்டது என்றேன். அடுத்த முறை இரண்டு பாட்டில் தருகிறாராம்.