நாள் என்ன காலை அஞ்சரைக்கா பிறக்கிறது?

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியிலும் பெல்லந்தூரிலும் உட்கார்ந்து டேஷ்போர்டு, அதாவது கம்பெனியின் எண்களைச் சார்ட்டாகக் காட்டும் திரை, கட்டுகிற நம்ம ஆட்களுக்குத்தான் இது. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

ஒரே திரையில் 18 சார்ட், 14 ஃபில்டர். திறந்தால் எல்லா ஃபில்டரும் காலி. அதனால் 5 வருஷ டேட்டாவும் லோடாகிறது, சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பொம்மசந்திரா குடோனில் காலை 7 மணி ஷிப்டுக்கு ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வருகிற சூப்பர்வைசருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: இன்றைக்கு இன்னும் எத்தனை வண்டி வேண்டும்? அவர் குடோனும் இன்றைய தேதியும் ஃபில்டரில் தானாக விழுந்திருக்க வேண்டாமா?

இதாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாமல் கழுத்தறுப்பது தேதி. சர்வர் நேரத்தை யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், சேமிக்கிறது, சரி. அதை அப்படியே தேதியாக வெட்டி நாள்வாரியாக குரூப் செய்கிறீர்களே, அங்கேதான் நாசம். யூடிசியின் நள்ளிரவு நமக்குக் காலை 5:30. ராத்திரி 12 மணியிலிருந்து 5:30 வரை வந்த ஆர்டரெல்லாம் முந்தின நாள் கணக்கில் போய் விழுகிறது. மாதம் பிறக்கும்போது அந்த அஞ்சரை மணி நேரம் போன மாதத்தில் ஏறிவிடுகிறது. அக்கவுண்ட்ஸ்காரர் கணக்கு ஏன் உதைக்கிறது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்கிறார். மணிவாரி சார்ட் இன்னும் கொடுமை: நம்ம நேரம் யூடிசியிலிருந்து முழு மணிக்கணக்கில் இல்லாமல் அஞ்சரை மணி தள்ளி இருப்பதால், ஒவ்வொரு பட்டையும் 10:30-லிருந்து 11:30 வரை என்று நிற்கிறது. முதலில் நம்ம இந்திய நேரத்துக்கு (ஆசியா/கொல்கத்தா) மாற்று, அப்புறம் வெட்டு. டேட்டாவை எடுக்கிற கொயரியில் ஒரே ஒரு வரி. அதற்குக்கூடவா சோம்பல்?

அடுத்தது தினசரி விற்பனை சார்ட்டின் கடைசிப் பட்டை. காலை 9 மணிக்குப் பார்த்தால் இன்றைய விற்பனை நேற்றைவிடப் பாதிக்கும் கீழே, சிவப்பு அம்புக்குறியோடு. நாளே முடியவில்லையே! 9 மணி வரை வந்ததை, போன 4 வாரத்தில் இதே கிழமை 9 மணி வரை வந்ததோடு ஒப்பிட்டால்தான் அது ஒப்பீடு. முடியாத நாளின் பட்டையை வெளிறிய நிறத்தில் போட்டால் பார்த்ததுமே புரியும். தினமும் காலையில் பொய்யாகச் சிவப்பு காட்டினால், உண்மையான சரிவு வருகிற அன்றைக்கு யார் மதிப்பார்கள்?

சராசரிக்குச் சராசரி எடுக்கிறவர்களை என்ன சொல்ல. ஒரு கிளையில் 10 டெலிவரி, சராசரி 20 நிமிஷம். இன்னொன்றில் 990 டெலிவரி, சராசரி 50 நிமிஷம். டேஷ்போர்டு 35 என்கிறது. உண்மை 49.7. மொத்த நிமிஷத்தை மொத்த டெலிவரியால் வகுப்பது பள்ளிக்கூடக் கணக்கு ஐயா.

பச்சையும் சிவப்பும் மட்டும் வைத்து நிலையைச் சொல்லாதீர்கள், அந்த இரண்டும் பிரித்துத் தெரியாத கண்கள் நம் நடுவே நிறைய உண்டு. 12.5 எம் (மில்லியன்) என்று போடாமல் 1.25 கோடி என்று போடுங்கள். டேட்டா வராத இடத்தில் 0 போடாதீர்கள். 0 என்றால் ஒன்றும் விற்கவில்லை என்று அர்த்தம், தெரியவில்லை என்று அல்ல. டேட்டா கடைசியாக வந்த நேரத்தைத் தலைப்புக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். விடிகாலை 3 மணிக்கு டேட்டா கொண்டுவருகிற ஜாப் செத்துப் போயிருக்கும், 9 மணிக்கும் திரை முழுக்கப் பச்சை!

இத்தனையும் சகித்துக்கொண்டு ஜனங்கள் செய்வது ஒன்றுதான்: எக்ஸெல் டவுன்லோடு பட்டனைத் தேடி அழுத்துவது. அதை யார் தினமும் அழுத்துகிறார் என்று சர்வர் பதிவில் (லாக்) பாருங்கள். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த ஷீட்டில் என்ன கணக்குப் போடுகிறார் என்று பாருங்கள். திரையின் இடது மேல் மூலையில் இருந்திருக்க வேண்டியது அந்த எண்தான்.