பன்னிரண்டு ஷாட்டை வைத்து ஒரு ஸ்ட்ரைக்கரை எடைபோடாதீர்கள்

2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் இந்தியக் கால்பந்து அணி 0-1 என்று தோற்றதும் வழக்கமான கூச்சல் கிளம்பிவிட்டது. "இவனுக்கெல்லாம் கோல் அடிக்கத் தெரியாது, அடுத்த பையனை இறக்கு." தகுதிச் சுற்றில் ஹாங்காங்கிடம் தோற்று, கோவாவின் மட்காவ் மைதானத்தில் சிங்கப்பூரிடமும் 1-2 என்று தோற்றபோதே 2027 ஆசியக் கோப்பை கைநழுவிப் போயிருந்தது. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையின் மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட இல்லை. அந்த ஆண்டு முழுக்க ஒரு வெற்றியும் இல்லை. கோபம் வருவது நியாயம்தான். ஆனால் மூன்று ஆட்டத்துக்கு ஒரு முறை இளம் ஸ்ட்ரைக்கரை (கோல் அடிப்பதே வேலையான முன்கள வீரரை) மாற்றிக்கொண்டே இருந்தால் இந்தக் கோல் பஞ்சம் தீராது, இன்னும் நீளும்.

சின்னக் கணக்குதான். எந்த லீக்கை எடுத்துக்கொண்டாலும் ஷாட்களில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்றுதான் கோலாகிறது. ஆட்டத்துக்கு இரண்டு ஷாட் கிடைக்கிற பையன் ஆறு ஆட்டத்தில் 12 ஷாட் அடிப்பான். அவனிடம் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும், அந்த 12-ல் ஒன்றுகூட வலைக்குள் போகாமலிருக்க 28 சதவீத வாய்ப்பு உண்டு. 20 ஷாட் அடித்தும் கோல் விழாமலிருக்க 12 சதவீதம். ஒரே அளவு திறமையுள்ள எட்டுப் பேரைப் பத்து ஆட்டம் ஆடவிட்டால், ஒருவன் கணக்கைத் தொடங்காமலே நிற்பான். அவனைத்தான் நாம் முதலில் வீட்டுக்கு அனுப்புகிறோம். இத்தனைக்கும் தோற்கிற அணியில் ஆட்டத்துக்கு இரண்டு ஷாட் கிடைப்பதே அபூர்வம்.

ஏன் கிடைப்பதில்லை என்று பாருங்கள். அணி பின்வாங்கி நிற்கிறது. தடுப்பு வீரர் பந்தைத் தூக்கி அடிக்கிறார். கோலுக்கு நாற்பது மீட்டர் தள்ளி, முதுகை எதிரணிக் கோல் பக்கம் காட்டி, எதிரணியின் இரண்டு சென்டர் பேக்குகளுக்கு (நடுவில் நிற்கும் தடுப்பு வீரர்களுக்கு) நடுவில் நம் பையன் தனியாக நிற்கிறான். முதல் இருபது நிமிடம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் சளைக்காமல் ஓடுகிறான்; பாஸ் வரவில்லை. 'பந்தையே தொடலை' என்ற பேச்சுக்குப் பயந்து, அரை மணி ஆனதும் நடுக்களத்துக்கு இறங்கி வந்து பந்து வாங்கத் தொடங்குகிறான். அப்போது விங்கர், அதாவது ஓரத்தில் ஆடும் முன்கள வீரர், கோல் முன்னால் ஒரு நல்ல கிராஸ் போடுகிறார். நியர் போஸ்ட்டில், பந்து வரும் பக்கத்துக் கோல் கம்பத்தருகே, ஆளில்லை. 60-வது நிமிடம் மாற்றுப் பலகையில் அவன் எண் ஏறுகிறது. உண்மையில் அங்கே தவறியது பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்காத நடுக்களம்.

ஆகவே கோலை எண்ணாதீர்கள், ஓட்டத்தை எண்ணுங்கள். சென்டர் பேக்குக்கும் ஓரத் தடுப்பு வீரரான ஃபுல் பேக்குக்கும் இடையிலான சந்தில் எத்தனை முறை பாய்ந்தான்? விங்கர் கோல் லைனை எட்டியதும் எல்லோரும் உள்ளே முட்டிக்கொள்ளும்போது, இவன் பெனால்டி புள்ளி அருகே கட்பேக்குக்காக (அங்கிருந்து பின்னோக்கி வரும் பாஸுக்காக) நின்றானா? பந்து வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தானா? முதல் தொடுகை கோலை நோக்கிப் போனதா, பின்னால் போனதா? டிவியில் பந்தை மட்டும் பார்த்தால் இதெல்லாம் கண்ணில் படாது. இவை சரியாக இருந்தால் கோல் பின்னாலேயே வரும்.

பயிற்சியாளர் செய்யக்கூடியவை ஏராளம். "அடுத்த ஐந்து ஆட்டம் நீதான் தொடங்குகிறாய், தவறவிட்டாலும் சரி" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த ஐந்திலும் அதே விங்கரோடு ஆடவிட வேண்டும். பாஸ் எப்போது வரும் என்பது சேர்ந்து ஆடி ஆடித்தான் பிடிபடும். மாற்று வீரராக இறக்குவதென்றால் சென்டர் பேக்குகள் களைக்கத் தொடங்கும் 60-65வது நிமிடத்தில் இறக்குங்கள். 88-வது நிமிடத்தில் இறக்குவது வாய்ப்பே அல்ல. பயிற்சி முடிந்தபின் 30 ஷாட் போதும், ஆனால் ஒரு தடுப்பு வீரர் தோளில் உரசிக்கொண்டு நிற்க, இரண்டு தொடுகைக்குள் அடிக்க வேண்டும். ஆளில்லாத கோலில் நூறு ஷாட் அடிப்பதில் பெரிய பயன் இல்லை. ஆட்டத்தில் கிடைக்காத நேரத்தை அது பழக்கிவிடும். களைத்த காலோடு தினமும் அடிக்கவிட்டால் தொடைத் தசை பிடித்துக்கொள்ளும், ஒரு மாதம் போய்விடும்.

கிளப்புகளின் பங்கு இதில் பெரிது. நம் முதன்மை லீக்கான ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) 2014-ல் களத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்களோடு தொடங்கியது. 2021-22-ல்தான் நான்காகக் குறைந்தது. அந்த இடங்களில் ஒன்று பெரும்பாலும் 9-ம் எண்ணுக்கே, அதாவது ஸ்ட்ரைக்கருக்கே, போகிறது. மன்வீர் சிங் தன் கிளப்பான மோகன் பகானில் வலது விங், நாட்டுக்கு ஆடும்போது ஸ்ட்ரைக்கர். வாரா வாரம் ஆடாத இடத்தில் திடீரென நிறுத்திவிட்டு கோல் கேட்கிறோம். 2024-25 ஐஎஸ்எல்லில் அதிக கோல் அடித்த இந்தியர் 14 கோலோடு சுனில் சேத்ரி, 40 வயதில். அவருக்குப் பெருமை, அமைப்புக்கு அவமானம்.

இளைஞர்களுக்கென்றே இருந்த இந்தியன் ஆரோஸ் அணி 2010-ல் பிறந்து 2013-ல் மூடி, 2017-ல் திரும்ப வந்து, 2022-ல் மறுபடி மூடியது. நிறையத் தோற்ற அணிதான், ஆனால் பையன்களுக்கு முழு 90 நிமிடம் கிடைத்தது. அதை மூடியதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

லாலியன்சுவாலா சாங்டேயைப் பாருங்கள். சென்னையின் எஃப்சி கிளப்பில் 2019-20-ல் நன்றாக அடித்தார், அடுத்த சீசனில் கோல் வற்றியது, பலர் அப்போதே முடிவு கட்டிவிட்டார்கள். பிறகு மும்பை சிட்டி கிளப் அவரை வலது விங்கில் நிறுத்தி, உள்ளே வெட்டி இடது காலால் அடிக்கவிட்டது. 2022-23-ல் 10 கோல். அப்போது வயது 25.

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே இடத்தில் ஏறத்தாழ 1000 நிமிடம், கிட்டத்தட்ட 11 முழு ஆட்டம், கொடுத்த பிறகும் அந்த ஓட்டங்கள் வரவில்லை, பாக்ஸுக்குள் (கோல் முன்னாலுள்ள பெனால்டி பகுதிக்குள்) பந்து தொடுவதும் கூடவில்லை என்றால் வேறு இடத்தில் ஆடவிடுங்கள். ஓட்டம் இருக்கிறது, கோல் மட்டும் இல்லை என்றால் இன்னொரு 500 நிமிடம் கொடுங்கள். கூடவே பெனால்டியையும் அவனிடமே கொடுங்கள்.