கார்டு ஆட்டம் வாங்கலாமா? பெட்டி வாங்கலாம், பாக்கெட் வேண்டாம்

போக்கிமான், மேஜிக் மாதிரி கார்டு ஆட்டங்களில் காசு போடலாமா என்று இன்பாக்ஸில் கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பாதிப் பேர் பிள்ளைகளுக்காகக் கேட்கிறார்கள், மீதிப் பேர் தங்களுக்காக. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதை விட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்கிறேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் இருக்கிற நமக்கு, ஒருவர் வாங்கி வீட்டில் வைத்தால் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஆடக்கூடிய பெட்டி என்றால் தாராளமாக வாங்கலாம். உள்ளே என்ன கார்டு வரும் என்று தெரியாமல் பிரிக்கிற பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

இந்த வகை ஆட்டங்களை 1993இல் தொடங்கி வைத்தது மேஜிக் தி கேதரிங். உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். எங்கேயும் தூக்கிக்கொண்டு போய்ச் சட்டென்று ஆடி முடிக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று ஆட்டத்தை வெளியிடுகிற கம்பெனிக்காரர் கேட்க, அவர் யோசித்தது இதுதான்: இரண்டு பேரும் ஒரே சீட்டுக்கட்டில் ஆட வேண்டாம், ஆளாளுக்குத் தன் கட்டைத் தானே அமைத்துக்கொண்டு வரட்டும். குறைந்தது 60 கார்டு, மற்றக் கார்டுகளை இறக்கச் சக்தி தருகிற அடிப்படை நிலக் கார்டுகளைத் தவிர ஒரே கார்டு நாலுக்கு மேல் கூடாது. ஆயிரக்கணக்கான கார்டுகளில் எந்த 60 என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். பாதி ஆட்டம், மேஜைக்கு வருவதற்கு முன்பே வீட்டில் நடந்துவிடுகிறது. அற்புதமான யோசனை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. 1996இல் ஜப்பானில் போக்கிமான் கார்டும், 1999இல் யூ-கி-ஓவும் இதே வழியில்தான் வந்தன.

சிக்கல் விற்கிற முறையில் இருக்கிறது. பல ஆண்டுகள் மேஜிக் பாக்கெட் ஒன்றில் 15 கார்டு. அதில் ஒன்றுதான் அரிய கார்டு. 2008இல் அதற்கும் மேலே 'மிதிக்' என்று ஒரு படியைச் சேர்த்தார்கள், அது ஏறக்குறைய எட்டுப் பாக்கெட்டுக்கு ஒன்று. ஒரே பெயரில் சேர்த்து வெளியிடுகிற ஒரு பெரிய கார்டுத் தொகுப்பில் இப்படிப்பட்ட மிதிக் 15 வகை இருக்கும். உங்கள் கட்டுக்கு அதில் ஒரு குறிப்பிட்ட கார்டு வேண்டும் என்றால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: எட்டுப் பதினைந்து 120. சராசரியாக 120 பாக்கெட் பிரித்தால் அது ஒரு முறை வரும். பாக்கெட் 300 ரூபாய் என்று வைத்தால்கூட 36,000 ரூபாய். நாலு வேண்டும் என்றால் அதை நாலால் பெருக்குங்கள். இப்போது பாக்கெட்டின் அமைப்பை மாற்றியிருக்கிறார்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற சங்கதி மாறவில்லை.

தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி விற்பனையைத் தடை செய்தார்கள். அதற்கு முன் பஸ் ஸ்டாண்டு ஸ்டாண்டாக, டீக்கடை டீக்கடையாகச் சுரண்டிப் போட்ட சீட்டுக் குப்பையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பத்து வயசுப் பிள்ளை பாக்கெட்டைக் கிழித்து, மேலே இருக்கிற பத்துக் கார்டைப் பார்க்காமலே தள்ளிவிட்டுக் கடைசிக் கார்டை மட்டும் இழுத்துப் பார்க்கும்போது அந்த விரல் அவசரம் எனக்கு நன்றாக அடையாளம் தெரிகிறது. வீடியோ கேம்களில் இதே மாதிரி காசு கொடுத்துத் திறக்கிற பெட்டிகளைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018லேயே சொல்லிவிட்டது. நம் வீட்டுப் பெரியவர்கள் சீட்டு என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்பார்கள் இல்லையா? பாக்கெட் விஷயத்தில் அவர்கள் பயம் நூற்றுக்கு நூறு சரி. ஆட்டத்தைப் பொறுத்தவரை அந்தப் பயம் தேவையில்லை என்பதுதான் நான் அவர்களிடம் சொல்வது.

ஆடித் தேர்ந்தவர்கள் பாக்கெட் பிரிப்பதில்லை, தேவையான கார்டை ஒற்றையாக விலைக்கு வாங்குவார்கள். அது எவ்வளவோ மேல். ஆனால் அதிலும் போட்டிக்கான 'ஸ்டாண்டர்ட்' முறையில் பழைய தொகுப்புகள் சில ஆண்டுகளில் வெளியே போய்விடும். போக்கிமான் கார்டின் கீழ் மூலையில் ஒரு சின்ன ஆங்கில எழுத்து இருக்கும். அந்த எழுத்தின் காலம் முடிந்தால் அந்தக் கார்டை ஸ்டாண்டர்ட் போட்டியில் சேர்க்க முடியாது. பெரிய நகரத்தில் வாராவாரம் கடையில் கூடி ஆடுகிறவர்களுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகலாம். மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு, எதிரே உட்கார ஆளே இல்லாமல், அலமாரியில் போட்டிக் கட்டு வைத்திருந்து என்ன பிரயோஜனம்?

ஆள் இருப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம். மேஜிக்கில் நான் காசு போட்டால் போதாது, எதிரே ஆடுகிறவரும் ஏறக்குறைய அதே அளவு போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டம் ஒருதலையாகப் போய்விடும். நாலாயிரம் போட்டவரை நாற்பதாயிரம் போட்டவர் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் யாருக்கும் சந்தோஷம் கிடையாது.

இதற்கு மாற்றாக ஃபேன்டஸி ஃபிளைட் நிறுவனம் 2008இல் 'லிவிங் கார்டு கேம்' என்று ஒரு வழியைக் கொண்டு வந்தது. பெட்டிக்குள் என்னென்ன கார்டு, எத்தனை என்று வாங்கும் முன்பே தெரியும். எல்லாப் பெட்டியிலும் அதேதான். வேண்டும் என்றால் எக்ஸ்பான்ஷன் என்கிற கூடுதல் கட்டுகளை வாங்கிச் சேர்க்கலாம், அதிலும் மர்மம் கிடையாது. 2016இல் வந்த ஆர்க்கம் ஹாரர் கார்டு ஆட்டம், 2019இல் வந்த மார்வெல் சாம்பியன்ஸ் இரண்டும் இந்த வகைதான். இரண்டிலும் எல்லோரும் ஒரே அணி, ஆட்டத்தை எதிர்த்து ஆடுகிறோம். யார் எவ்வளவு செலவழித்தார் என்ற பேச்சே எழாது.

மார்வெல் சாம்பியன்ஸ் அடிப்படைப் பெட்டியில் ஸ்பைடர்மேன், கேப்டன் மார்வெல், ஷீ-ஹல்க், அயர்ன் மேன், பிளாக் பாந்தர் என ஐந்து ஹீரோக்கள். இதில் எனக்குப் பிடித்தது கார்டுக்கு விலை கொடுக்கிற முறை. தனியாகக் காசோ டோக்கனோ இல்லை. கையில் இருக்கிற ஒரு கார்டை இறக்க வேண்டும் என்றால், கையிலேயே இருக்கிற வேறு கார்டுகளைக் கீழே போட்டு விலை கட்ட வேண்டும். லாஸ்பேட்டையில் அக்கா வீட்டில் முதல் முறை ஆடும்போது ஒன்பதாவது படிக்கிற அக்கா மகள் கையில் ஆறு கார்டை விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு, "மாமா, இதைப் போட்டாத்தான் அதை இறக்க முடியும். ஆனா இது அடுத்த ரவுண்டுக்கு வேணுமே" என்று ரொம்ப நேரம் நகராமல் உட்கார்ந்திருந்தாள். அக்கா கிச்சனிலிருந்து எட்டிப் பார்த்து, "எதுக்குடி இவ்வளவு யோசனை?" என்று கேட்டு, கடைசியில் தானும் வந்து உட்கார்ந்துவிட்டார். வில்லன் கார்டைத் திருப்பும்போது மூன்று பேருமே கத்தினோம். நான் கொடுத்த காசு அந்த யோசனைக்கும் அந்தக் கத்தலுக்கும்தான். அது நிச்சயம் தகும்.

எக்ஸ்பான்ஷன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. பாக்கெட்டில் இருக்கிற சூது இதில் இல்லை, ஆனால் 'எல்லாமும் என்னிடம் இருக்க வேண்டும்' என்ற ஆசை இதிலும் வரும். மார்வெலுக்கு எக்ஸ்பான்ஷனாக அத்தனை ஹீரோக்கள் வந்துவிட்டார்கள். அடிப்படைப் பெட்டியைப் பிள்ளைகள் தாங்களாகவே எடுத்து விரிக்கிற அளவுக்கு ஆடிய பிறகு, அவர்களுக்குப் பிடித்த ஒரே ஒரு ஹீரோ கட்டு வாங்குங்கள். ஆர்க்கம் ஹாரர் வாங்குகிறவர்கள் 2021இல் வந்த திருத்திய அடிப்படைப் பெட்டியா என்று பார்த்து வாங்கவும். பழைய பெட்டி இரண்டு பேருக்குத்தான் போதும், நாலு பேர் ஆட இரண்டு பெட்டி வாங்க வேண்டியிருந்தது. புதியதில் நாலு பேருக்கும் ஒன்றே போதும்.

"கம்பெனி நிறுத்திவிட்டால் என்ன செய்வது?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நெட்ரன்னர் என்று ஒரு ஆட்டம், இதுவும் கார்ஃபீல்ட் 1996இல் உருவாக்கியதுதான். 2012இல் ஃபேன்டஸி ஃபிளைட் அதை லிவிங் கார்டு கேமாகப் புதுப்பித்தது. 2018இல் உரிமம் முடிந்து நின்றுபோனது. அதோடு கதை முடியவில்லை. ஆடிக்கொண்டிருந்தவர்களே லாப நோக்கம் இல்லாத ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். இப்போது அதன் பெயர் நல் சிக்னல் கேம்ஸ். புதிய கார்டுகளைத் தாங்களே வடிவமைத்து வெளியிடுகிறார்கள், அச்செடுத்துக்கொள்ள கோப்புகளை இலவசமாகவே தருகிறார்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் சாதாரணத் தாளில் அச்செடுத்து, வெட்டி, ஸ்லீவ் என்கிற பிளாஸ்டிக் உறைக்குள் பழைய ரம்மிச் சீட்டு ஒன்றைப் பின்னால் வைத்துச் செருகினால் அசல் கார்டு மாதிரியே கலைக்க வரும். கம்பெனி போனாலும் ஆடுகிறவர்கள் விடவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் பூரிப்பாக இருக்கிறது.

முதலீடாக வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். மேஜிக்கின் பிளாக் லோட்டஸ் கார்டு ஒன்று 2021இல் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் போனது உண்மை. அது 1993இல் அச்சான முதல் பதிப்பின் கார்டு. விலை ஏறுவதும் இறங்குவதும் கம்பெனி மறுபடி அச்சடிக்கிறதா என்பதைப் பொறுத்தது. 1995இல் பழைய கார்டுகளை மறுபதிப்பு செய்ததால் விலை சரிந்து சேகரிப்பாளர்கள் கொதித்ததும், இனி இவற்றை மறுபடி அச்சிட மாட்டோம் என்று 1996இல் ஒரு பட்டியலே போட்டதும் நடந்த கதை. அப்புறம், கடலூரில் யாரிடம் விற்பீர்கள்?

பிள்ளைகள் ஃபேன்சி ஸ்டோரில் வாங்கும் தங்க நிற போக்கிமான் கார்டுகள் போலி. அசல் போக்கிமான் கார்டில் இரண்டு தாளுக்கு நடுவே கறுப்பு அடுக்கு ஒன்று இருக்கும், டார்ச் அடித்தால் வெளிச்சம் அதிகம் ஊடுருவாது. போலி என்பதற்காகப் பிள்ளையைத் திட்ட வேண்டாம். நாமும் டபிள்யூடபிள்யூஇ கார்டில் செஸ்ட், பைசெப்ஸ், ரேங்க் சொல்லி ஆடியவர்கள்தானே. அவர்களும் எண்ணைப் பார்த்து அப்படித்தான் ஆடுகிறார்கள். உண்மையான போக்கிமான் ஆட்டம் கற்றுத்தர வேண்டும் என்றால் பேட்டில் அகாடமி என்ற பெட்டியில் மூன்று கட்டு தயாராகவே இருக்கும். மேஜிக் பழக ஆசை என்றால் மேஜிக் அரீனா என்ற ஆப்பில் போனிலேயே இலவசமாகப் பழகலாம். பழகிய பிறகும் ஆசை நின்றால் 'பாப்பர்' முறைக்குக் கட்டு அமையுங்கள். அதில் சாதாரணக் கார்டுகள் மட்டும்தான், செலவும் குறைவு.

நம் கடலோரக் காற்றுக்கு இன்னொன்று. மினுமினுக்கும் ஃபாயில் கார்டுகள் இங்கே வளைந்துவிடும். தாள் ஈரத்தை இழுத்து உப்பும், மேலே இருக்கிற படலம் இழுக்காது, அதனால்தான். எல்லாக் கார்டுக்கும் ஸ்லீவ் போடுங்கள், புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல்லைத் தூக்கிப் போடாமல் கார்டுப் பெட்டிக்குள் வையுங்கள். 2024 ஃபெஞ்சல் மழையில் புதுச்சேரியில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அட்டைப்பெட்டியைக் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் ஆடிப் பார்க்க வேண்டும் என்றால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரும்பாலும் லாஸ்பேட்டையில் ஆடுகிறோம். கடலூரில் நாலு பேர் சேர்ந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே சில்வர் பீச் பக்கம் வருகிறேன், ஆனால் காற்று அடிக்காத இடமாக நீங்கள்தான் பார்த்து வைக்க வேண்டும். ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.